அலபாமா நாட்குறிப்பு: சித்தப்பாவோடு செல்மா வரை

டிசம்பர் 4, 2025, வியாழன். அட்லாண்டா

சித்தப்பா கோவில்பட்டிப் பக்கத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நயாகரா, நியூயார்க், ஊரிலுள்ள கோயில்கள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "ஏல, மார்ட்டின் லூதர் கிங் வீடு இங்கதான இருக்கு? அப்புறம் அந்த அடி விழுந்த பாலம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்புக்குப் பல வருடம் அமெரிக்கக் கறுப்பினத்தவர்களின் உரிமைப் போராட்டப் பாடத்தை நடத்தியவராம். வார இறுதியோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

தமிழ் வாட்ஸப் குழுவில் வழி கேட்டேன். வழி சொன்னவர்களைவிட, "பர்மிங்ஹாமில் டவுன்டவுன் பக்கம் இறங்காதீங்க, செல்மாவில் இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுங்க" என்று எச்சரித்தவர்கள்தான் அதிகம். ஏன் என்று யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, அங்கே கறுப்பினத்தவர்கள் அதிகம் என்பதுதான் காரணம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். இந்தப் பயணத்தில் அது எனக்கு உறுத்திக்கொண்டே வரப்போகிறது.

கிங் 1929 ஜனவரி 15-ல் பிறந்த வீடு ஆபர்ன் அவென்யூவில், எண் 501. மாடி வைத்த மர வீடு. நாங்கள் வெளியில் நின்றுதான் பார்த்தோம். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி அவரும் அவருடைய அப்பாவும் போதகர்களாக இருந்த எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயம், நீர்த்தொட்டிக்கு நடுவில் கிங் தம்பதியின் சமாதி, பக்கத்திலேயே ஒரு காந்தி சிலை. எபனேசரின் இன்றைய போதகர் ரஃபேல் வார்னாக். 2021 முதல் ஜார்ஜியாவின் செனட்டர், இந்த மாநிலம் செனட்டுக்கு அனுப்பிய முதல் கறுப்பினத்தவர். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தெருவையே கொஞ்சம் மேற்கே நடந்து காட்டினேன். ஒரு காலத்தில் கறுப்பினத்தவர்களின் வங்கி, காப்பீட்டு நிறுவனம், பத்திரிகை அலுவலகம் எல்லாம் வரிசையாக இருந்த செல்வத் தெரு இது. பிறகு நெடுஞ்சாலை போட இடம் தேடியபோது கோடு சரியாக இதன் நடுவில் விழுந்தது. இப்போதும் மேம்பாலத்துக்கு அடியில்தான் தெருவின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போக வேண்டும்.

சித்தப்பாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. 1959-ல் கிங் இந்தியா வந்தபோது சென்னை, மதுரைப் பக்கமெல்லாம் வந்து, கன்னியாகுமரி வரைக்கும் போயிருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கூட்டிப்போனார்களாம். அங்கே தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றாராம். முதலில் அதிர்ச்சியும் கொஞ்சம் கோபமும் வந்ததாகவும், யோசித்துப் பார்த்தபோது ஆமாம், நான் அதுதான் என்று தோன்றியதாகவும் 1965 ஜூலை 4 அன்று இதே எபனேசரில் பிரசங்கம் செய்தபோது கிங் சொன்னார். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஹெட்மாஸ்டர் தைரியசாலிதாம்ல" என்றார்.

ஒரு செய்தி. 2026 முதல் தேசியப் பூங்காக்களில் கட்டணமில்லாத நாட்களின் பட்டியலிலிருந்து கிங் பிறந்தநாளையும், அடிமை ஒழிப்பைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளையும் எடுத்துவிட்டார்கள். ஆபர்ன் அவென்யூவுக்கு எப்போதுமே கட்டணம் கிடையாது என்பதால் இங்கே வருகிறவர்களுக்கு ஒன்றும் குறையாது.

டிசம்பர் 5, வெள்ளி. பர்மிங்ஹாம்

இரண்டரை மணி நேர ஓட்டம். அலபாமா எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது.

கெல்லி இங்ராம் பூங்காவின் நடைபாதையில் ஓர் இடத்தில் இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் உலோக நாய்கள் பாய்கின்றன. நடுவில்தான் நடந்தாக வேண்டும். 1963 மே மாதத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர்வலம் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மேல் நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் ஏவிய நாய்கள். தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பிள்ளைகளைச் சுவரோடு அடித்தார்கள். அந்தப் படங்கள் உலகம் பூராவும் வந்தன. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து டாமினோ, செக்கர்ஸ் ஆடினால்கூடக் குற்றம் என்று சட்டம் வைத்திருந்த ஊர் இது. எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பூங்காக்களையே இழுத்து மூடினார்கள். தனக்கும் கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை என்ற அந்த மனநிலை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சித்தப்பா மட்டும், "இதுல புரியாதது என்ன இருக்கு? பொதுக் கிணத்துல செத்த நாயைத் தூக்கிப் போட்ட ஊருங்க நம்மகிட்டயும் உண்டு" என்றார்.

பூங்காவுக்கு எதிரே பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10:22. படிக்கட்டுக்கு அடியில் வைத்த டைனமைட் வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. ஆடி மேயின் தங்கை சாரா உயிர் பிழைத்தாள், ஒரு கண் போய்விட்டது. அன்றைக்கே நகரத்தில் இன்னும் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவனைச் சுட்டது போலீஸ்காரர்.

"பிடிச்சாங்களா?" என்று சித்தப்பா கேட்டார்.

பிடித்த கதை இது. யார் யார் செய்தது என்று எஃப்.பி.ஐ-க்கு 1965-லேயே தெரியும். வழக்கு நடத்தாமல் கோப்பை மூடினார்கள். பில் பாக்ஸ்லி என்ற இளம் வழக்கறிஞர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராகி, கோப்பை மறுபடி திறந்து, 1977-ல் ராபர்ட் சாம்ப்ளிஸுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். தாமஸ் பிளாண்டனுக்கு 2001-ல். பாபி ஃபிராங்க் செர்ரிக்கு 2002-ல். நான்காவது ஆள் 1994-ல் குற்றச்சாட்டே பதிவாகாமல் செத்துப்போனார். பிள்ளைகள் உயிரோடு இருந்திருந்தால் 2002-ல் ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார்கள்.

தேவாலயத்துக்குள் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. சிலுவையில் கைகளை விரித்த கறுப்பு இயேசு. குண்டுவெடிப்புச் செய்தியைக் கேட்ட வேல்ஸ் நாட்டுக் கலைஞர் ஜான் பெட்ஸ் செய்தது. அங்கே ஒரு பத்திரிகை வசூல் நடத்தியது. யாரும் அரைக் கிரவுன் என்ற சின்ன நாணயத்துக்கு மேல் தரக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பணக்காரர் ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பெயர் வாங்கக் கூடாது, நிறையப் பேர் சேர்ந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்ற யோசனை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அந்த ஜன்னலும் அந்த நிபந்தனையும்தான்.

வாட்ஸப் எச்சரிக்கைக்கு வருகிறேன். டவுன்டவுனில் இறங்கினோம், நாள் முழுக்க நடந்தோம், மதியம் பொரித்த கெளுத்தி மீனும் கீரையும் சாப்பிட்டோம். பரிமாறிய அம்மா சித்தப்பாவின் வேட்டியைப் பார்த்துவிட்டு, குளிராதா என்று விசாரித்து, கேட்காமலேயே இன்னொரு கப் சூடான டீ கொண்டுவந்து வைத்தார்.

டிசம்பர் 6, சனி. பர்மிங்ஹாமிலிருந்து செல்மா, பிறகு லௌண்டஸ்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பர்மிங்ஹாமிலிருந்து தெற்கே இறங்கினால் முதலில் வருவது ஷெல்பி கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. புதுப்புது வீடுகள், பெரிய கடைகள், அகலமான சாலைகள். கலீரா என்ற ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பார்த்தால் ஒன்றுமே இல்லாத ஊர். ஆனால் அமெரிக்க வாக்குரிமையின் கதையில் இந்த ஊருக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

இந்த ஊர் நகர்மன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் எர்னஸ்ட் மான்ட்கோமரி. 2008-ல் வார்டு எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். அவருடைய வார்டில் 70 சதவீதம் போல இருந்த கறுப்பின வாக்காளர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே போனார்கள். அவர் தோற்றார். 1965 வாக்குரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு அலபாமா போன்ற மாநிலங்கள் முன்கூட்டியே மத்திய அரசின் ஒப்புதலை வாங்க வேண்டும். வாங்கவில்லை. மத்திய அரசின் நீதி அமைச்சகம் தலையிட்டது, மறுதேர்தலில் அவர் ஜெயித்தார். சட்டம் தன் வேலையைச் செய்தது. ஷெல்பி கவுண்டி நிர்வாகத்துக்கு இந்த முன் ஒப்புதலே பிடிக்கவில்லை, வழக்குப் போட்டது. 2013 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எந்தெந்த மாநிலங்கள் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சொல்லும் பிரிவை ரத்து செய்தது. நிலைமை மாறிவிட்டது, பழைய கணக்கு இனி செல்லாது என்பது தீர்ப்பு. நனையவில்லை என்பதற்காகக் கொட்டும் மழையில் குடையை எறிவதா என்று மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஓட்டுப்போடப் புகைப்பட அடையாள அட்டை கேட்கும், கிடப்பில் இருந்த சட்டத்தை அலபாமா 2014-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2015-ல், அந்த அட்டையாகப் பலர் காட்டும் ஓட்டுநர் உரிமத்தைத் தரும் 31 அலுவலகங்களை மூடப்போவதாக அறிவித்தது. கறுப்பினத்தவர் அதிகம் உள்ள பல மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. கூச்சல் கிளம்பிய பிறகுதான் இறங்கி வந்தார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் செல்மா வந்துவிட்டது.

எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் பெயர் இரும்பு வளைவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பெட்டஸ் உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டையிட்ட தளபதி, வெள்ளை இனவெறிக் கூட்டமான கூ க்ளக்ஸ் கிளானின் தலைவராகச் சொல்லப்படுபவர், பிறகு செனட்டர். பாலம் நடுவில் உயர்ந்து இறங்குகிறது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. 1965 மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் 600 பேரோடு ஏறியபோது, உச்சிக்கு வந்த பிறகுதான் எதிரே வரிசை கட்டி நின்ற காவல் படை அவர்கள் கண்ணில் பட்டது. கீழே ஆறு. திரும்பிப் போகவில்லை. தடியடியில் லூயிஸின் மண்டையோடு உடைந்தது. அன்றிரவு ஒரு தொலைக்காட்சி, நாஜிகள் மீதான விசாரணை பற்றிய படத்தை நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைப் போட்டது.

சித்தப்பா உச்சியில் நின்று, "எதுக்குல இந்த ஊர்வலம்? ஓட்டுக்கா?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. பாடம் நடத்துகிற பழக்கம், வாய்விட்டுச் சொல்ல வைப்பார். ஓட்டுக்குக்கூட இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு. செல்மா இருக்கும் டாலஸ் கவுண்டியில் ஓட்டு வயதில் ஏறத்தாழ 15,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள், பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 300 பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். அரசியல் சட்டத்திலிருந்து கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். ஜெயிப்பதா தோற்பதா என்பது பதிவாளர் கையில்.

சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் தேர்தல் பணி பார்த்தவர். "கைநாட்டு வைக்கிற கிழவிய நாங்க நாற்காலி போட்டு உட்கார வச்சு ஓட்டுப்போட வச்சிருக்கோம். பரீட்சை வச்சா ஓட்டு?" என்று உண்மையிலேயே கொதித்துப்போனார். 1965 ஜனவரி 22-ல் இந்த ஊரின் கறுப்பின ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல் நீதிமன்றத்துக்கு ஊர்வலம் போனதைச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்தும் அவர்களுக்கே ஓட்டு இல்லை, அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர்களின் பள்ளி வாரியம். "வாத்தியார்மார் இறங்கிட்டா ஊரு இறங்கிரும்" என்றார். அப்படியேதான் நடந்தது, ஆசிரியர்கள் வந்த பிறகு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

மார்ச் 21-ல் மறுபடி கிளம்பி, 87 கிலோமீட்டர் நடந்து, 25-ஆம் தேதி மான்ட்கோமரி போய்ச் சேரும்போது 25,000 பேர். ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபர் 3-ல் அதே ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட இன்னொரு சட்டம், பிறந்த நாட்டை வைத்துக் குடியேறிகளுக்கு ஒதுக்கீடு போடும் முறையை ஒழித்தது. அதற்கு முன் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்ற கணக்கு. இன்று அட்லாண்டாவில் நமக்கு இருக்கும் தமிழ்ப் பள்ளி, கோயில், இட்லி மாவு எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. குடிமை உரிமைப் போராட்டம் இந்த நாட்டின் மனசாட்சியைப் பிடித்து உலுக்கியிருக்காவிட்டால் அந்த வருடத்தில் அது நடந்திருக்குமா, எனக்குச் சந்தேகம்தான். செல்மாவில் இருட்டுவதற்குள் கிளம்பிவிடச் சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன்.

பாலத்தைவிட்டு இறங்கி ஊருக்குள் நடந்தால் வேறு கதை. பிராட் ஸ்ட்ரீட்டில் பலகை அடித்து மூடிய கடைகள். 1977-ல் விமானப் படைத் தளம் மூடப்பட்டது, வேலைகள் போயின, வசதி உள்ள வெள்ளையர் போனார்கள். 2020 கணக்கில் மக்கள்தொகை 18,000-க்கும் குறைவு. 2023 ஜனவரியில் அடித்த சூறாவளியில் இடிந்த வீடுகள் இருந்த மனைகள் காலியாகக் கிடக்கின்றன. தடியடி நடந்தபோது மேயராக இருந்த ஜோ ஸ்மிதர்மன், நடுவில் சின்ன இடைவெளி தவிர்த்து, 2000 வரைக்கும் மேயர். அந்த வருடம்தான் ஜேம்ஸ் பெர்கின்ஸ் ஜெயித்து முதல் கறுப்பின மேயர் ஆனார். ஒவ்வொரு மார்ச்சிலும் ஜனாதிபதிகளும் தலைவர்களும் பாலத்தில் நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாலம் இந்த அளவுக்குப் புகழ் பெற்றும் ஊருக்கு ஒரு தொழிற்சாலை வரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

எண் 80 நெடுஞ்சாலையில் மான்ட்கோமரிக்குப் போகும் வழியில் லௌண்டஸ் கவுண்டி. 1965 தொடக்கத்தில் இங்கே ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர், பட்டியலில் ஒருவர்கூட இல்லை. பெயர் பதிந்த குத்தகை விவசாயிகளைப் பண்ணையார்கள் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். அவர்கள் சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில் இப்போது தேசியப் பூங்காத் துறையின் காட்சியகம் இருக்கிறது. 1966-ல் அவர்கள் சொந்தமாகக் கட்சி தொடங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக வாக்குச் சீட்டில் சின்னம் வேண்டும். இதெல்லாம் தமிழ்நாட்டு ஆளுக்கு விளக்கவே வேண்டாம். அவர்கள் எடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. கலிபோர்னியாவில் உருவான பிளாக் பாந்தர் கட்சிக்கு அது இங்கிருந்துதான் போனது. எதிர்த்து நின்ற அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல்.

சித்தப்பா காரை நிறுத்தச் சொல்லி வரப்போரம் இறங்கினார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். "கரிசல்" என்றார். பருத்தி விளைந்த பூமிதான். இந்த மண்ணுக்காகத்தான் அடிமைகளை இங்கே கொண்டுவந்து குவித்தார்கள். நனைந்தால் தண்ணீரை உள்ளே விடாத இந்த மண்ணில் சாதாரண செப்டிக் டேங்க் வேலை செய்யாது, கழிவு திரும்பி மேலே வரும். இதற்கேற்ற அமைப்பு வைக்கப் பல ஆயிரம் டாலர் வேண்டும். வைக்க முடியாத ஏழைகளின் கொல்லைகளில் கழிவுநீர் திறந்தவெளியில் நிற்கிறது. டேங்க் வைக்கவில்லை என்று அவர்கள் மேலேயே வழக்கும் போட்டார்கள். 2017-ல் வந்த ஓர் ஆய்வில், இங்கே பரிசோதித்த 55 பேரில் மூன்றில் ஒரு பங்கினரிடம் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. 2023-ல் மத்திய நீதி அமைச்சகம் மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: தண்டிக்கக் கூடாது, சரிசெய்து தர வேண்டும். 2025 ஏப்ரலில் டிரம்ப்பின் புதிய அரசு, இது பன்முகத்தன்மைக் கொள்கை, சட்டவிரோதம் என்று சொல்லி அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. செப்டிக் டேங்க்கில் என்ன பன்முகத்தன்மை என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு. மான்ட்கோமரி

ஒரே தெருவில் எல்லாம் இருக்கிறது. கீழே கோர்ட் ஸ்கொயர், அடிமைகளை ஏலம் விட்ட இடம். வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் அன்று பேருந்து ஏறியதும் அங்கேதான், இப்போது சிலை நிற்கிறது. மேலே மாநிலச் சட்டமன்றம். 1861-ல் ஜெஃபர்சன் டேவிஸ், பிரிந்துபோன அடிமை மாநிலங்களின் தலைவராகப் பதவியேற்ற இடத்தில் பித்தளை நட்சத்திரம். அதற்கு ஒரு கல்லெறி தூரத்தில் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம்.

பார்க்ஸின் கைதை எதிர்த்துக் கறுப்பினத்தவர்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி சரியாக 70 ஆண்டுகள். 1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள். அதைக் களைத்துப்போன ஒரு பெண்மணியின் கதையாகப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன, சித்தப்பாவும் அப்படித்தான் நடத்தினாராம். உண்மையில் அது நல்ல ஏற்பாட்டின் கதை. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே எழுந்திருக்க மறுத்துக் கைதானவர் 15 வயது கிளாடெட் கோல்வின். அந்தக் குற்றப் பதிவு 2021-ல்தான் நீக்கப்பட்டது. பார்க்ஸ் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடிய உட்கார்ந்து பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் பிரதி எடுத்தார். ஜார்ஜியா கில்மோர் கோழி வறுத்து, இனிப்பு சுட்டு விற்றுப் பணம் சேர்த்தார். சுமார் 300 கார்கள் பேருந்துக்குப் பதிலாக ஓடின. உள்ளூரில் காப்பீடு தர மறுத்தபோது லண்டனில் வாங்கினார்கள். அவர்கள் முதலில் கேட்டதும் மிகச் சின்னது: மரியாதையாக நடத்துங்கள், முதலில் வருகிறவர் முதலில் உட்காரட்டும், கறுப்பின ஓட்டுநர்களையும் வேலைக்கு எடுங்கள். அதைக்கூடக் கொடுக்காததால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பேருந்தில் இனப் பிரிவினையே ஒழிந்தது.

மதியம் 2018-ல் திறந்த நினைவகம். 1877 முதல் 1950 வரை கும்பல் கொலைக்கு ஆளானவர்கள் 4,400 பேருக்கு மேல். கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கு மேற்பட்ட துருப்பிடித்த எஃகுத் தூண்கள், அவற்றில் பெயர்கள். ஆரம்பத்தில் நம் கண் மட்டத்தில் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, தூண்கள் தலைக்கு மேலே தொங்க ஆரம்பிக்கின்றன. சுவரில் காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். 1940-ல் அலபாமாவின் லுவெர்ன் ஊரில் ஜெஸி தார்ன்டன் கொல்லப்பட்டது, ஒரு போலீஸ்காரரை 'மிஸ்டர்' சேர்க்காமல் பெயர் சொன்னதற்காக. சித்தப்பா அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தார்.

வெளியே அதே தூண்களின் நகல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தந்தக் கவுண்டி வந்து எடுத்துப்போய்த் தன் ஊரில் நட வேண்டும் என்பது ஏற்பாடு. நிறையவே கிடக்கின்றன.

போகிறவர்களுக்கு: ஐந்து டாலர் சீட்டில் அருங்காட்சியகம், நினைவகம், 2024-ல் திறந்த சிற்பப் பூங்கா மூன்றையும் பார்க்கலாம். ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், தாங்காது.

டிசம்பர் 8, திங்கள். திரும்பும் வழி

அலபாமாவில் ஜனவரி மூன்றாம் திங்கள் கிங் பிறந்தநாள் விடுமுறை. அடிமை மாநிலப் படைத் தளபதி ராபர்ட் லீயின் பிறந்தநாள் விடுமுறையும் அதே நாள்தான். ஜூனில் ஜெஃபர்சன் டேவிஸுக்குத் தனியாக ஒன்று. கலப்புத் திருமணத் தடையை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்க 2000-ல் வாக்கெடுப்பு வைத்தபோது பத்தில் நான்கு பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். காரில் இதையெல்லாம் சொன்னதும் சித்தப்பா நோட்டில் எழுதிக்கொண்டார்.

நல்ல செய்தியும் சொன்னேன். மக்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் உள்ள அலபாமாவில், ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்தான் அவர்கள் கை ஓங்கியிருந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் இது தவறு என்றது. சட்டமன்றம் கேட்காமல் பழையபடியே வரைந்தது. நீதிமன்றமே வரைபடம் போட்டுக் கொடுத்தது, 2024-ல் இரண்டாவது தொகுதியில் ஷோமாரி ஃபிகர்ஸ் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பு நிற்பது, இனத்தை வைத்து யாருடைய ஓட்டுரிமையையும் குறைக்கக் கூடாது என்னும் 1965 சட்டத்தின் இரண்டாம் பிரிவின் மேல். அதே பிரிவைப் பற்றிய லூசியானா வழக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி வாதிடப்பட்டு, அப்போது தீர்ப்புக்குக் காத்திருந்தது. கறுப்பினத்தவர் கை ஓங்கும்படி இப்படித் தொகுதி வரைவதே அரசியல் சட்டத்துக்கு விரோதமா என்பது கேள்வி.

"எப்ப வரும் தீர்ப்பு?"

"கோடை விடுமுறைக்கு முன்னால வந்துடும் சித்தப்பா."

"நான் ஊருக்குப் போயிருப்பேன். வந்த அன்னைக்கே போன் பண்ணு. இந்த ரெண்டாம் பிரிவு என்ன சொல்லுதுன்னு இப்ப மறுபடி சொல்லு, மெதுவா" என்று நோட்டில் புதுப்பக்கம் திருப்பினார்.